சொலவடையைத் திருத்தாதீர்கள், வட்டார வழக்கைக் கலக்காதீர்கள்

'மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே' என்று எழுதினால் போதும், "அது குதிரை இல்லை, மண் குதிர், ஆற்றுக்குள் தெரியும் மணல் திட்டு" என்று ஒரு திருத்தம் வந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும் 'உண்மையான அர்த்தம்' பலவும் இந்த ரகம்தான். குதிர் என்று ஊரில் சொல்வது நெல் கொட்டி வைக்கும் மண் கூட்டை. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்பதிலும் அதே குதிர்தான். மண் குதிரையோ, அய்யனார் கோயில் புரவி எடுப்பில் ஊரே தோளில் சுமந்து பார்த்த பொருள். சுடாத மண் தண்ணீரில் கரையும் என்பதும் யாருக்கும் தெரியும். இதில் திருத்த என்ன இருக்கிறது?

'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்பதைச் 'சஷ்டியில் விரதம் இருந்தால் அகப்பையாகிய கருப்பையில் பிள்ளை வரும்' என்று மாற்றுவதும் அப்படித்தான். சட்டியும் அகப்பையும் ஒரே அடுப்படியில் இருப்பவை. இல்லாததை எடுத்துப் போட முடியாது என்ற பொருள் நேராகவே கிடைக்கிறது. புதுப் பொருள் சொல்பவர் பழமொழியைப் பக்தியாக்கப் பார்க்கிறார், அவ்வளவே. இப்படி ஏதாவது கண்ணில் பட்டால், முதலில் நேர்ப்பொருள் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் அதோடு விடுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் பழைய அச்சுத் தொகுப்புகள் இருக்கின்றன: பெர்சிவல் 1874இல் வெளியிட்டது, ஜென்சன் 1897இல் வெளியிட்டது. பெர்சிவல் தொகுப்பில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல் பழமொழிகள்.

பாதியை மட்டும் எடுப்பது இன்னொரு தவறு. 'ஆடிக் காத்துல அம்மியே பறக்குது' என்பதைக் காற்றின் வேகத்துக்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள். 'எச்சில் இலை எம்மாத்திரம்' என்ற பின்பாதியில்தான் பொருள் இருக்கிறது: பெரியவனே ஆட்டம் காணும்போது சின்னவன் எப்படி நிற்பான். பேச்சில் பின்பாதியை விழுங்கலாம், கேட்பவருக்கு அது தெரியும். எழுத்தில் சூழலாவது அதைக் காட்ட வேண்டும்.

சாதியையும் பெண்களையும் உடற்குறையையும் இழிக்கும் சொலவடைகள் நிறைய உண்டு. கதையில் ஒரு பாத்திரம் சொன்னால் அது அந்த ஆளைக் காட்டும். கட்டுரையாளர் தன் குரலில் சொன்னால் அது அவருடைய கருத்து.

வட்டார வழக்கில் பெரும்பாலும் சறுக்குவது மரியாதை விகுதியில். மதுரைப் பேச்சு என்றதும் எல்லா வினையிலும் 'ஆய்ங்க' ஒட்டிவிடுகிறார்கள். 'பயலுக வந்தாய்ங்க' சரி. 'தாத்தா வந்தாய்ங்க' என்று அந்த ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த விகுதி பலரைக் குறிக்கும், மரியாதையைக் குறிக்காது. நெல்லையில் 'ஏலே' ஆண்களுக்கு, அதுவும் சமவயது அல்லது இளையவருக்கு. பெண்பிள்ளையை 'ஏட்டி' என்பார்கள். பெரியவரிடம் 'ஏலே' போட்டால் அது சண்டை.

நெல்லையின் 'மழ வந்துட்டு' இன்னும் நுணுக்கமானது. நெல்லைக்கு வடக்கே இருப்பவர் அதை 'வந்துவிட்டு' என்று படித்து, வாக்கியம் முடியவில்லை என்று நினைத்துத் திருத்திவிடுவார். அங்கே 'வந்துவிட்டது' என்பதே அப்படி முடியும். 'பஸ் போயிட்டு' என்றால் பஸ் கிளம்பிப் போய்விட்டது. சென்னையில் அதுவே 'போயிடுச்சு', மதுரையில் 'போயிருச்சு'. ஒரே ஆளின் வாயில் இந்த மூன்றும் வந்தால் அவர் எந்த ஊர்க்காரரும் இல்லை.

இலங்கைத் தமிழை ஒரே வழக்காக எண்ணுவதும் பிழை. 'கெதியா வெளிக்கிடு' (சீக்கிரம் கிளம்பு) யாழ்ப்பாணம். 'என்னகா', 'மனே' (மகனே) என்ற விளிகள் மட்டக்களப்பு. தேயிலைத் தோட்டப் பகுதியான மலையகத்தின் தமிழ், தமிழ்நாட்டுப் பேச்சுக்கு நெருக்கம்.

எழுதும்போது வினைமுடிவு, விளிச்சொல், ஊருக்கே உரிய இரண்டொரு பெயர்ச்சொல், இவற்றை மட்டும் வட்டாரமாக வையுங்கள். மற்றதை வழக்கமான பேச்சு எழுத்தில் விடுங்கள். ஒவ்வொரு சொல்லையும் ஒலிப்படி எழுதினால் அந்த ஊர்க்காரரே எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். பிறகு அந்த ஊரில் வளர்ந்த ஒருவரிடம் கொடுத்து, அவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நாக்கு தடுக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு மாற்றுங்கள்.