ஒயர் கூடை விற்கிறீர்களா? கூரியர் செலவை இப்படிக் கணக்குப் போடுங்கள்

"ஒயர் கூடைதானே, எடையே இருக்காது, கூரியருக்கு என்ன பெரிதாக ஆகிவிடப் போகிறது?" புதிதாக ஆன்லைனில் விற்க வருகிறவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்பது இதைத்தான். எடை இருக்காது என்பது சரி. ஆனால் கூரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை, வண்டியில் உங்கள் பெட்டி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்றும் பார்க்கிறார். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. இடத்தை வைத்துப் போடும் இந்த எடைக்கு வால்யூமெட்ரிக் வெயிட் என்று பெயர்.

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 5000 ஆல் வகுத்தால் கிலோ கணக்கு வந்துவிடும். தரைவழி சர்வீஸ் சிலவற்றில் 5000க்குப் பதில் 4000, 4500 என்று சின்ன எண்ணால் வகுப்பார்கள். எண் சின்னதானால் எடை கூடும். அதனால் ரேட்டைக் கேட்கும்போதே "எதால் வகுக்கிறீர்கள்?" என்றும் கேட்டுவிடுங்கள்.

சிவன்கண் முடிச்சுப் போட்ட நடுத்தரக் கூடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். தராசில் 550 கிராம். விறைப்பாக நிற்கிற கூடையை அப்படியே பெட்டியில் வைத்தால் 35 × 25 × 30. வகுத்தால் 5.25 கிலோ. அரை கிலோ அரை கிலோவாகத்தான் ஏற்றுவார்கள் என்பதால் பில் 5.5 கிலோவுக்கு வரும். அதே கூடையைக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் ஒயர் இளகும். பிறகு இரண்டு பக்கங்களையும் உள்ளே தள்ளி, அடியை ஒரு பக்கமாகப் படிய வைத்து, கைப்பிடியை மடக்கினால் 38 × 32 × 8 பெட்டிக்குள் அடங்கிவிடும். இப்போது 1.95 கிலோ, பில் 2 கிலோவுக்கு. உள்ளே ஒரு சீட்டு வையுங்கள்: "பிரித்ததும் பழைய துணியை அடைத்து ஒரு நாள் வெளியே வைக்கவும், வடிவம் வந்துவிடும்." இந்தச் சீட்டு இல்லாவிட்டால் நசுங்கிய கூடை வந்திருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்புவார்கள்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பெட்டி நடுவில் புடைத்து உயரம் 8க்குப் பதில் 9 ஆனால் 2.19 கிலோ, அதாவது பில் 2.5 கிலோவுக்குத் தாவிவிடும். ஒரே ஒரு சென்டிமீட்டர்தான். டேப் ஒட்டி முடித்த பிறகு, புடைத்திருக்கும் இடத்தில் வைத்து அளந்து பாருங்கள். அட்டைப்பெட்டிக் கடைக்காரர் சொன்ன அளவை எழுதிக்கொள்ளாதீர்கள்; அது பெரும்பாலும் உள்ளளவாக இருக்கும்.

இனி காசு. ரேட் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் கணக்குக்காக முதல் அரை கிலோ 40 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு அரை கிலோவுக்கும் 35 என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோவுக்கு 145 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 171. மடக்காத கூடைக்கு 390, வரியோடு 460. அந்தக் கூடையையே அந்த விலைக்கு விற்க முடியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சொல்கிற ரேட்டில் ஜிஎஸ்டியும் எரிபொருள் சார்ஜும் அடங்குமா என்று கேட்காமல் எதையும் எழுதாதீர்கள். பெட்டி, டேப், கவர், கூரியர் ஆபீஸுக்குப் போகும் ஆட்டோ எல்லாம் தனி.

ஊரைப் பொறுத்தும் ரேட் மாறும். பழைய ஆர்டர்களை எடுத்து பின்கோடின் முதல் எண்ணை வைத்துப் பிரியுங்கள். 6 என்றால் தமிழ்நாடு, கேரளா. 5 என்றால் ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா. 7 என்றால் வங்காளம், ஒடிசா, வடகிழக்கு. இதில் வடகிழக்குக்குப் பல கம்பெனிகள் தனி ரேட் வைத்திருப்பார்கள். பாதிக்கு மேல் 6இல் விழுந்தால் 6க்கு ஒரு கட்டணம், மற்ற ஊர்களுக்கு ஒரு கட்டணம் என்று இரண்டே போதும். "ஃப்ரீ ஷிப்பிங்" போட்டு எல்லார் விலையிலும் ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. பக்கத்து ஊரில் இருந்து வாங்குகிறவர் கவுகாத்திக்காரருக்கும் சேர்த்து எதற்குக் கொடுக்க வேண்டும்?

ஒயர் பர்ஸ், சாவிக்கொத்து மாதிரி தட்டையான சின்னப் பொருட்களுக்கு ஸ்பீட் போஸ்ட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பின்கோடும் எடையும் போட்டால் கட்டணம் சொல்லும் வசதி இந்தியா போஸ்ட் இணையதளத்திலேயே இருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் மாறிய கட்டணம் என்று ஓர் அட்டவணையைப் பார்த்திருப்பீர்கள். அது டாகுமெண்ட்டுக்கு, அதை வைத்துப் பார்சலுக்குக் கணக்குப் போடாதீர்கள்.

கேஷ் ஆன் டெலிவரி (சிஓடி) கொடுப்பவர்கள் திரும்பி வரும் பார்சலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மேலே பார்த்த 171 ரூபாய்க் கூடையைப் பத்து அனுப்பி இரண்டு திரும்பினால், போக 1,710, அந்த இரண்டும் வர 342, மொத்தம் 2,052 ரூபாய். காசு கொடுத்தவர்கள் எட்டுப் பேர்தான். தலைக்கு 256 ஆகிவிட்டது, 171 அல்ல. சிஓடி சார்ஜ் இதற்கும் மேலே. புது வாடிக்கையாளரிடம் கூரியர் காசையாவது முன்கூட்டியே ஜிபேயில் வாங்கிவிட்டால் திரும்பி வருவது நன்றாகக் குறையும்.

கடைசியாக, பெட்டியை ஒட்டியதும் மூன்று போட்டோ எடுங்கள்: தராசில் வைத்து எண் தெரிய ஒன்று, நீளமும் அகலமும் தெரிய அளக்கும் டேப்போடு ஒன்று, உயரத்துக்கு ஒன்று. மூன்றிலும் லேபிள் தெரிய வேண்டும். கூரியர் கம்பெனி பார்சல்களைப் பிரிக்கும் ஹப்பில் மெஷின் அளந்து "எடை வித்தியாசம்" என்று கூடுதல் பில் போட்டால், அதை மறுக்கக் குறிப்பிட்ட நாட்கள்தான் கொடுப்பார்கள். அதற்குள் இந்தப் போட்டோக்களை அனுப்பிவிடுங்கள்.