போர்ஷே 911 கரேரா டி: எடுத்ததற்கும் சேர்த்து விலை கேட்கும் காரை வாங்குவோர் செய்யும் தவறுகள்

2018 மாடல் போர்ஷே 911 கரேராவின் அமெரிக்க அடிப்படை விலை 91,100 டாலர். அதே ஆண்டு வந்த கரேரா டியின் விலை 102,100 டாலர். இரண்டிலும் 3.0 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின், 370 குதிரைத்திறன், 450 நியூட்டன் மீட்டர் டார்க். எண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. டியில் பின்பக்கக் கண்ணாடிகள் மெலிந்தவை, சத்தம் தடுக்கும் அடைப்பு குறைவு, கதவின் உள்பக்கம் கைப்பிடிக்குப் பதில் துணிப்பட்டை. பின் சீட்டையும் நடுத் திரையையும் வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம். இத்தனையும் போய், மேலே 11,000 டாலர்.

இந்த விலை சிலருக்குத் தகும், பலருக்குத் தகாது. யாருக்குத் தகும் என்று பார்க்கும்போதுதான் கணக்கு பிசகுகிறது.

எடையைக் கிலோ கணக்கில் விலை பேசுவது

ஒரே மாதிரி உபகரணங்கள் உள்ள கரேராவைவிட டி 20 கிலோ குறைவு, மொத்தம் 1,425 கிலோ என்பது போர்ஷே கொடுத்த கணக்கு. அதாவது சுமார் 1.4 சதவீதம். பெட்ரோல் லிட்டருக்கு முக்கால் கிலோ. டாங்கியில் 27 லிட்டர் குறைவாக இருந்தாலே 20 கிலோ குறைந்துவிடும். எடை குறைந்ததை மட்டும் நம்பி இந்த காரை வாங்குபவர், டாங்கி ஏறக்குறைய பாதி காலியாக இருக்கும் கரேராவைத்தான் கூடுதல் விலைக்கு வாங்குகிறார்.

2022 அக்டோபரில் வந்த 992 தலைமுறை டியின் கணக்கை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். 1,470 கிலோ, கரேராவைவிட 35 கிலோ குறைவு என்றார்கள். ஆனால் அந்தத் தலைமுறையில் அடிப்படை கரேரா எட்டு வேக பிடிகே தானியங்கி கியர்பாக்ஸோடு மட்டுமே வந்தது. ஏழு வேக மேனுவல் பெட்டி அதைவிட மிக இலேசு. ஆகவே அந்த 35 கிலோவில் பெரும்பங்கு கியர்பாக்ஸ் மாறியதால் வந்தது. கண்ணாடியாலும் அடைப்பாலும் வந்தது சொற்பம்.

நீங்கள் உண்மையில் பணம் கொடுப்பது, சாதாரண கரேராவோடு வராத பாகங்களுக்கு. 2018 டி சேர்ந்த 991 தலைமுறையில் முக்கியமானவை மூன்று: பின் அச்சில் பூட்டு வசதியுள்ள மெக்கானிக்கல் டிஃபரன்ஷியல் (இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர்த்தொகுதி), மேனுவல் பெட்டிக்கு வேகமெடுக்க உதவும் குறுகிய இறுதி கியர் விகிதம், விரும்பினால் பின் சக்கர ஸ்டியரிங். 992-இல் மேனுவல் கியரே நான்காவதாகச் சேர்ந்துகொண்டது.

டிஃபரன்ஷியலைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலையின் நியாயம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. இறுக்கமான வளைவிலிருந்து வெளியேறும்போது எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும். உள்பக்கப் பின்சக்கரம் பிடிப்பை இழக்கும். சாதாரண டிஃபரன்ஷியலில் அந்தச் சக்கரம் வீணாகச் சுழலும். மின்னணுக் கட்டுப்பாடு பிரேக்கைப் பிடித்து அதை நிறுத்தும். அப்போது எஞ்சினின் உழைப்பில் ஒரு பகுதி சூடாகப் போய்விடும். மெக்கானிக்கல் பூட்டு, தட்டுகளின் உராய்வால் இரண்டு சக்கரங்களையும் இணைத்து, பிடிப்பு உள்ள பக்கம் டார்க்கை அனுப்புகிறது. 991-இல் ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது 22 சதவீதம், காலை எடுக்கும்போது 27 சதவீதம் பூட்டும். இரண்டாவது எண்தான் 911-க்கு முக்கியம். எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால், வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும்போது வால் பக்கம் அலையப் பார்க்கும். அந்த 27 சதவீதப் பூட்டு அதை நேராக இழுத்துப் பிடிக்கிறது. இதைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்று நினைத்துக் கரேராவை வாங்கிவிடாதீர்கள். கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டிய வேலை அது. வாரண்டியிலும் சிக்கல் வரும்.

பட்டியலின் முதல் வரிகளை மட்டும் ஒப்பிடுவது

91,100-ஐயும் 102,100-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் டி தோற்கும். சரியான முறை இது: டியில் விலைக்குள் வரும் ஸ்போர்ட் குரோனோ (ஓட்டும் முறையை மாற்றும் வசதியும் ஸ்டாப்வாட்சும் கொண்ட தொகுப்பு), ஸ்போர்ட் சைலென்சர், 20 அங்குல சக்கரம் ஆகியவற்றை எழுதுங்கள். கரேரா வாங்கினால் இவற்றில் எதையெல்லாம் காசு கொடுத்துக் கேட்டிருப்பீர்கள் என்று டிக் போடுங்கள். மூன்றும் விழுந்தால் விலை வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். டிஃபரன்ஷியலும் குறுகிய கியரும் ஏறக்குறைய இலவசமாக வருகின்றன. ஒன்றுகூட விழாவிட்டால் உங்களுக்கான கார் கரேராதான். அது எந்த விதத்திலும் தாழ்ந்த கார் அல்ல.

டியின் உண்மையான எதிராளி கரேரா எஸ். 991-இல் எஸ் 420 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர். மேனுவலில் 100 கி.மீ. வேகத்தை 4.3 நொடியில் தொடும், டி 4.5 நொடியில். விலையும் டியை ஒட்டியே இருந்தது. டிஃபரன்ஷியல் பூட்டும் பின் சக்கர ஸ்டியரிங்கும் எஸ்ஸிலும் கிடைத்தன. முன் பிரேக்கில் எஸ்ஸுக்கு ஆறு பிஸ்டன், 350 மி.மீ. டிஸ்க், டியில் கரேராவின் நான்கு பிஸ்டன், 330 மி.மீ. டிஸ்க்தான். மாதம் ஒரு முறையாவது ரேஸ் டிராக்குக்குப் போகிறவர் டியை எடுத்தால் முதலில் தடுமாறுவது எஞ்சின் அல்ல, பிரேக். சாலையில் ஓட்டுபவருக்கு இந்த வாதம் அப்படியே திரும்பும். 450 நியூட்டன் மீட்டரும் 1,700 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடுகிறது. கூடுதல் 50 குதிரைத்திறனைச் சாலையில் சட்டப்படி முழுக்கப் பயன்படுத்த வாய்ப்பு குறைவு.

பிடிகே கேட்பது

991-இலும் முதல் 992-இலும் டிக்குப் பிடிகே பெட்டியையும் தேர்ந்தெடுக்க முடிந்தது. அதோடு 992 டி 100 கி.மீ. வேகத்தை 4.0 நொடியில் தொடும், மேனுவலைவிட அரை நொடி வேகம். காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் எடைச் சேமிப்பின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டியாக இருப்பதற்கான முதல் காரணத்தையும் இழக்கிறீர்கள். பிடிகேதான் வேண்டுமென்றால் கரேராவையோ எஸ்ஸையோ எடுங்கள். 2024 அக்டோபரில் வந்த, 992-இன் புதுப்பித்த பதிப்பான 992.2 டியில் போர்ஷேயே இந்தக் கேள்வியை முடித்துவிட்டது: 394 குதிரைத்திறன், ஆறு வேக மேனுவல் மட்டும், பின் சக்கர ஸ்டியரிங் விலைக்குள்ளேயே. அறிமுகத்தின்போது அமெரிக்காவில் கரேரா 120,100 டாலர், டி 134,000 டாலர். இடைவெளி கூடியிருக்கிறது, ஆனால் முந்தைய இரண்டையும்விட இதில்தான் விலைக்கான காரணம் தெளிவாகத் தெரிகிறது.

இதன் தம்பி போன்ற இன்னொரு தவறு, எடுத்த எடையை ஆப்ஷன் பட்டியலில் திரும்ப ஏற்றுவது. கண்ணாடிக் கூரை, பதினெட்டு பக்கமும் நகரும் மின்சார சீட், பெரிய ஆடியோ என்று சேர்த்தால் 20 கிலோ எளிதாகத் திரும்பி வந்துவிடும். அதிலும் கூரையில் ஏறும் எடை மோசமானது. காரின் உச்சியில் உட்கார்ந்து வளைவில் சாய்வைக் கூட்டும். பணம் மிச்சமிருந்தால் 991-இல் பின் சக்கர ஸ்டியரிங்குக்குப் போடுங்கள்.

பெயரின் வரலாற்றுக்குப் பணம் கொடுப்பது

டி என்பது டூரிங். 1968 மாடலாக வந்த முதல் 911 டி 2.0 லிட்டர், 110 குதிரைத்திறன்; அன்றைய 911 வரிசையில் விலை குறைந்தது அதுதான். அந்த ஆண்டு மாண்டே கார்லோ ராலியை விக் எல்ஃபோர்டு 911 டியில்தான் வென்றார். விற்பனையாளர்கள் இதை மறக்காமல் சொல்வார்கள். விலையைப் பொறுத்தவரை அந்த மரபு இன்று இல்லை. இன்றைய டி அடிப்படை காருக்கு மேல் நிற்கிறது.

எடுத்தால் விலை குறைய வேண்டும் என்பவர்களுக்கு வேறு கார்கள் உண்டு. போர்ஷேயின் சொந்த 968 கிளப் ஸ்போர்ட், சாதாரண 968-ஐவிட மலிவாகவே விற்றது. 2012-இல் ஜப்பானில் டொயோட்டா 86-இன் ஆர்சி ரகம் 19.9 லட்சம் யென்: இரும்புச் சக்கரம், வண்ணம் அடிக்காத பம்பர், ஏசி கிடையாது. ரேஸுக்கு மாற்றப் போகிறவருக்கு அது சரியான கொள்முதல். தினமும் ஓட்ட வாங்கி, பிறகு ஏசியும் வண்ணமும் சேர்த்தவருக்கு அடுத்த ரகமே இலாபமாக இருந்திருக்கும். மஸ்டா ரோட்ஸ்டரின் 990எஸ் ரகம் மூன்றாவது வழி. 1.5 லிட்டர், 990 கிலோ. பணத்தை RAYS நிறுவனத்தின் இலேசான சக்கரத்திலும் பிரெம்போ நிறுவனத்தின் முன் பிரேக்கிலும் போட்டிருந்தார்கள். குறைந்த பவர் காருக்குக் கூடுதல் செலவு செய்வதென்றால் அது போக வேண்டிய இடம் சக்கரமும் பிரேக்கும்தான்.

பழைய டி வாங்கும்போது

பெரும்பாலோர் இதைச் செகண்ட் ஹேண்டில்தான் வாங்குவார்கள். அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். பக்கவாட்டு ஸ்டிக்கரையும் சாம்பல் நிறச் சக்கரத்தையும் நம்ப வேண்டாம், இரண்டும் தனியாகக் கிடைப்பவை. சேசிஸ் எண்ணைக் கொடுத்து, தொழிற்சாலையிலிருந்து கார் எந்தெந்த உபகரணங்களோடு வந்தது என்ற பட்டியலை டீலரிடம் கேளுங்கள்.

மேனுவல் கார் என்றால், எஞ்சின் எல்லை மீறிச் சுழன்றதைக் காட்டும் ஓவர்ரெவ் அறிக்கை இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். மூன்றாவது கியரில் உச்சத்தில் இழுத்து, நான்குக்குப் போக வேண்டிய கை தவறி இரண்டில் விழுந்தால், சக்கரங்களே எஞ்சினை எல்லைக்கு மேல் சுழற்றும். ஆர்பிஎம் எல்லை மீறாமல் தடுக்கும் லிமிட்டர் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. அது எரிபொருளை நிறுத்தும், சக்கரத்தை அல்ல. எஞ்சின் கணினி இதை ஆறு நிலைகளாகப் பதிந்து வைக்கும். போர்ஷேயின் பிவிஸ் என்ற சோதனைக் கருவியில் படிக்கலாம். முதல் இரண்டு நிலைகளில் பதிவு இருப்பது சகஜம். நான்கு முதல் ஆறு வரை பதிவு இருந்தால், அது எந்த எஞ்சின் மணிநேரத்தில் நடந்தது என்று பாருங்கள். சமீபத்தில் நடந்திருந்தால், சிலிண்டரில் அழுத்தம் கசிகிறதா என்று பார்க்கும் லீக் டவுன் சோதனை முடியும்வரை பேச்சை நிறுத்துங்கள்.

கிளட்சுக்கு எளிய சோதனை போதும். ஐந்தாவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். வேகம் கூடாமல் ஆர்பிஎம் மட்டும் எகிறினால் தட்டு தேய்ந்துவிட்டது.

பின் டயர் 991-இல் 305/30 இசட்ஆர்20. நின்றபடி பார்த்தால் தேயாதது போலவே தெரியும். சக்கரம் சற்றே உள்சாய்ந்திருக்கும் கேம்பர் கோணத்தால் உள்விளிம்புதான் முதலில் தேயும். கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். மாற்றும்போது போர்ஷே ஒப்புதலைக் காட்டும் ‘N’ குறி உள்ள டயராகவும், ஒரே அச்சில் இரண்டும் ஒரே ரகமாகவும் போடுங்கள். காரின் உயரம் குறைவு என்பதால் முன் பம்பரின் கீழ் விளிம்பும் அடித்தகடும் உரசியிருக்கிறதா என்று லிப்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறியதற்கு ரசீது கேளுங்கள்.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. ஊருக்குள் பத்து நிமிடம் ஓட்டி முடிவெடுப்பதால்தான் பலர் ஓராண்டில் விற்கிறார்கள். அடைப்பு குறைந்த காரில் அகலமான பின் டயரின் இரைச்சல் 110 கி.மீ. வேகத்துக்கு மேல், கரடான சாலையில்தான் தெரியும். குறைந்தது ஒரு மணி நேரம் நெடுஞ்சாலையில், பக்கத்து சீட்டில் வீட்டில் ஒருவரை உட்காரவைத்து, ஆடியோவை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். குழந்தை இருந்தால், பின் சீட் எடுத்த காரில் அதற்கான சீட்டைப் பின்னால் மாட்ட வழியே இல்லை என்பதையும் விலை பேசும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.