"இன்னும் ஒரே ஒரு வாய்": பிள்ளைகளின் சாப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் தங்கை மகள் தன் 3 வயதுப் பையனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் போதும் என்று முகத்தைத் திருப்பினான். இவள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "இன்னும் ஒரே ஒரு வாய், இதுதான் கடைசி" என்றாள். அந்தக் கடைசிக்கு அப்புறம் நாலு வாய் போயிற்று. எனக்கு மனசே கேட்கவில்லை. 25 வருஷத்துக்கு முன்னால் நான் செய்ததை அப்படியே செய்கிறாள். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கை கழுவுவது, டிவியை அணைப்பது எல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடலாம்.

தட்டைக் காலி செய்யச் சொல்வது

இதை யார் செய்து பார்த்தாலும் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதன் விலை என்னவென்று தெரிய இருபது வருஷமாவது ஆகும். கைக்குழந்தையைப் பாருங்கள். பால் போதும் என்றால் தலையைத் திருப்பிக்கொள்ளும், வாயை இறுக்கிக்கொள்ளும். யாரும் சொல்லித்தராமலே வயிறு நிறைந்தது அதற்குத் தெரிகிறது. நாம்தான் வயிற்றைக் கேட்காதே, தட்டைப் பார் என்று பழக்குகிறோம்.

என் மகனுக்கு 5 வயதில் பீன்ஸ் பிடிக்காது. முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாது என்று உட்கார வைப்பேன். ஆறிப்போன காயை ஒவ்வொன்றாக வாயில் போட்டு, மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, வாய் கொப்பளிக்கும்போது எல்லாவற்றையும் துப்பிவிடுவான். இப்போது அவனுக்கு முப்பது வயது, பீன்ஸ் வேகும் வாசனை வந்தாலே சமையலறைப் பக்கம் வருவதில்லை. மகள் நேர் எதிர். சொன்னபடி கேட்டாள், எதை வைத்தாலும் முடித்தாள், நானும் பெருமைப்பட்டேன். போன வருஷம் அவள் சொன்னாள்: "அம்மா, எனக்குப் பசி அடங்கிவிட்டதா இல்லையா என்றே தெரிவதில்லை. தட்டு காலியானால்தான் நிறுத்துகிறேன்." எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2002இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களைக் கேட்டபோது, சிறு வயதில் வற்புறுத்திச் சாப்பிட வைக்கப்பட்ட அனுபவம் உண்டு என்று 69 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்களில் 72 சதவீதம் பேர் அந்த உணவை இப்போது விரும்பித் தொடுவதில்லை. 2006இல் வந்த இன்னொன்றில் சின்னப் பிள்ளைகளுக்கு சூப் கொடுத்துப் பார்த்தார்கள். குடித்து முடி என்று சொல்லிக்கொண்டே இருந்தபோது குறைவாகக் குடித்தார்கள், சும்மா விட்டபோது கூடுதலாகக் குடித்தார்கள்.

அப்படியானால் என்ன செய்வது? எலின் சாட்டர் என்ற உணவியல் நிபுணர் சொன்ன பிரிவினை ஒன்று இருக்கிறது, எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பாடு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளை பாடு. முதலில் கொஞ்சமாகப் பரிமாறுங்கள், வேண்டுமென்றால் கேட்கட்டும். ஒரு வேளை குறைந்தால் பதறாமல் ஒரு வாரத்தைச் சேர்த்துப் பாருங்கள். எடை ஏறவில்லை, விழுங்கவே சிரமப்படுகிறது என்றால் அது வேறு விஷயம், மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

காய் சாப்பிட்டால் இனிப்பு என்று பேரம் பேசுவது

பிள்ளைக்கு இதில் புரிவது ஒன்றுதான்: காய் கூலி வேலை, இனிப்பு சம்பளம். வளர்ந்த பிறகு மனசு சரியில்லாத நாளில் கை நேராக இனிப்பு டப்பாவுக்குப் போவது இங்கே தொடங்குகிற பழக்கமாகக்கூட இருக்கலாம். இனிப்பு கொடுப்பதாக இருந்தால் நிபந்தனை இல்லாமல் கொடுங்கள்.

ஒரு தடவை துப்பியதும் விட்டுவிடுவது

2 முதல் 6 வயது வரை புதுச் சாப்பாட்டைக் கண்டு பிள்ளைகள் தயங்குவது இயல்பு. ஒரு காய் நாக்குக்குப் பழக எட்டு முதல் பதினைந்து தடவைகூட ஆகலாம். பெரும்பாலும் நாம் மூன்றாவது தடவையிலேயே சலித்துப்போகிறோம். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு வையுங்கள், தொடாவிட்டாலும் எதுவும் சொல்லாதீர்கள், சில நாள் கழித்து மறுபடி வையுங்கள்.

காயை அரைத்து ஒளித்துக் கொடுப்பது

கண்டுபிடித்த அன்று உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை போய்விடும்.

வந்தவர்கள் முன்னால் "இவன் எதுவுமே சாப்பிட மாட்டான்" என்பது

சொல்லாதீர்கள்.

நீங்கள் நின்றுகொண்டு சாப்பிடுவது

எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் சமையல் மேடையருகே நின்றுகொண்டு மிச்சம் மீதியை வழித்துச் சாப்பிடுவேன். பிள்ளைகளுக்கு அதில் என்ன இருக்கிறது, அவர்கள் பார்ப்பதுகூட இல்லை என்று நினைத்திருந்தேன். போன மாதம் மகள் வீட்டுக்குப் போனபோது, குழந்தைக்குக் கொடுத்து முடித்துவிட்டு அவளும் மேடையில் சாய்ந்து நின்றபடி, குழந்தை மீதம் வைத்த கிண்ணத்தை விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தேன். தனியாக ஒரு தட்டு எடுத்து, கொஞ்சமாகப் பரிமாறி, எதிரில் நானும் உட்கார்ந்தேன். பாதியில் கையை நிறுத்தி, "போதும்மா" என்றாள். நான் இன்னொரு கரண்டி வைக்கவில்லை.