ஆக்சலாட்டலுக்குத் துணை தேடி நான் பட்ட பாடு

தொட்டி வெறிச்சென்று இருக்கிறதே என்று என் ஆக்சலாட்டலுக்கு (தண்ணீரிலேயே வாழும் ஒருவகை சாலமாண்டர், பல்லி போன்ற உருவம்) துணையாக இரண்டு கோல்டு ஃபிஷ் விட்டேன். நாலாம் நாள் பார்த்தால், ஆக்சலாட்டலின் தலையோரம் சிவப்பு இறகு மாதிரி விரிந்திருக்கும் செவுள்களில் இடப்பக்கம் ஒன்று மொட்டையாக நின்றது. பக்கத்திலேயே உட்கார்ந்து கவனித்தேன். புழு என்று நினைத்ததோ என்னவோ, மீன் வந்து வந்து கொத்திக்கொண்டிருந்தது.

அன்றே மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றினேன். தண்ணீரை 17 டிகிரியில் சுத்தமாக வைத்திருந்தேன். சில வாரங்களில் இழைகள் திரும்ப முளைத்தன. அடுத்து கோரிடோராஸ் என்ற சின்னக் கெளுத்தி மீன் வாங்கப் போனவன், நல்லவேளை, வாங்கவில்லை. வாயில் அடங்குவதையெல்லாம் ஆக்சலாட்டல் விழுங்கிவிடும். அந்த மீனின் முள் தொண்டையில் சிக்கும். இப்போது துணைக்கு அதே அளவில் இன்னொரு ஆக்சலாட்டல்தான். இரண்டும் ஆண், முட்டைத் தொல்லையும் இல்லை.