ஐமெசேஜும் ஃபேஸ்டைமும் இயங்கவில்லையா? வைஃபையை விட்டுவிட்டு பேலன்ஸைப் பாருங்கள்

காரைக்குடியில் பெரியப்பா வீட்டுக்குள் நுழைந்தபோது கூடத்தில் மோடம் அணைந்து கிடந்தது. "இரண்டு நாளாக இதை அணைத்து அணைத்துப் போடுகிறேன் தம்பி, ஒன்றும் நடக்கவில்லை" என்றார். அமெரிக்காவில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பிய ஐபோன் கையில் இருந்தது. ஆப்பிள் போன்களுக்கிடையே இணையம் வழியாகச் செய்தி அனுப்புவது ஐமெசேஜ். செட்டிங்ஸில் அந்த வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் 'வெயிட்டிங் ஃபார் ஆக்டிவேஷன்', அதாவது இன்னும் பதிவாகவில்லை, காத்திருக்கிறது. ஆப்பிளின் வீடியோ அழைப்பான ஃபேஸ்டைமிலும் அதே கதை. வாட்ஸ்அப் வேலை செய்கிறது, யூடியூபில் பட்டிமன்றம் தடையில்லாமல் ஓடுகிறது, மகன் சொல்லிக்கொடுத்த ஃபேஸ்டைம் மட்டும் வாய் திறக்கவில்லை.

"பெரியப்பா, மெயின் பேலன்ஸ் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டேன். நெட் வேலை செய்யவில்லை என்றால் பேலன்ஸைக் கேட்கிறானே என்பதுபோல் பார்த்தார். "மூன்று மாதத்துக்குச் சேர்த்து ரீசார்ஜ் செய்திருக்கிறேன்" என்றார். பேலன்ஸ் பார்த்தோம்: 0.00.

இந்தக் கோளாறைத் தேடுகிற எல்லோரும் முதலில் போய் நிற்கும் இடம் இணையம். கோளாறு பெரும்பாலும் இருக்கும் இடம் எஸ்எம்எஸ். வாட்ஸ்அப்பில் நம் எண்ணை இட்டால் ஆறு இலக்க எண்ணோடு ஓர் எஸ்எம்எஸ் நமக்கு வருகிறது, வருவதற்குக் காசில்லை. ஐமெசேஜில் போக்கு தலைகீழ். நம்முடைய போன்தான் ஓசைப்படாமல் ஓர் எஸ்எம்எஸ்ஸை வெளியே அனுப்புகிறது. அது எந்த எண்ணிலிருந்து வந்து சேர்ந்தது என்பதைப் பார்த்துத்தான் 'இந்தப் போன் இந்த எண்ணுக்கு உரியது' என்று ஆப்பிளின் சர்வர் பதிவு செய்துகொள்கிறது. அனுப்பியதற்கான தடயம் மெசேஜ் பட்டியலில் தெரியாது. ஆனால் இந்தியாவிலிருந்து இப்படிப் போகும் செய்தி பெரும்பாலும் +44 என்று தொடங்கும் பிரிட்டன் எண்ணுக்குப் போகிறது. அதாவது, வெளிநாட்டு எஸ்எம்எஸ்.

நம்முடைய ப்ரீபெய்ட் திட்டங்களில் 'தினமும் 100 எஸ்எம்எஸ்' என்று போட்டிருப்பது உள்நாட்டுக்கு மட்டும். வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 5 ரூபாய் மெயின் பேலன்ஸிலிருந்து கழியும். திட்டத்தை எத்தனை நூறு ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தாலும் அந்தப் பணம் மெயின் பேலன்ஸில் சேர்வதில்லை. அதற்கென்று தனியாக டாப்-அப் செய்ய வேண்டும். எல்லாமே 'அன்லிமிடெட்' ஆன பிறகு டாப்-அப் என்ற வழக்கமே நமக்கு மறந்துபோய்விட்டது. சில குறைந்த விலைத் திட்டங்களில் வெளியே அனுப்பும் எஸ்எம்எஸ் வசதியே கிடையாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். போஸ்ட்பெய்ட் வைத்திருப்பவர்களுக்குப் பேலன்ஸ் கவலை இல்லை. ஆனால் அவர்கள் இணைப்பில் வெளிநாட்டு எஸ்எம்எஸ் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கலாம். வாடிக்கையாளர் சேவையில் கேட்டுத் திறந்துவிடச் சொல்ல வேண்டும்.

10 ரூபாய் டாப்-அப் போட்டால் வரி, கட்டணம் போக 7 ரூபாய் 47 காசுதான் கையில் நிற்கும். ஒரு முயற்சிக்கு அது சரி. அந்த ஒன்று தவறினால் மறுபடி கடைக்குத்தான். ஆகவே 20 ரூபாய்க்குப் போடுங்கள், 14 ரூபாய் 95 காசு கிடைக்கும்.

இதிலிருந்தே அடுத்த தவறு விளங்கிவிடும். பொத்தானை அணைத்து அணைத்துப் போடுவது. பெரியப்பா மோடத்துக்குச் செய்ததைப் பலர் ஐமெசேஜ் பொத்தானுக்குச் செய்கிறார்கள். பச்சை, சாம்பல், பச்சை, சாம்பல் என்று பத்து முறை. ஒவ்வொரு முறை போடும்போதும் போன் புதிதாக ஓர் எஸ்எம்எஸ் அனுப்ப முயலும். பேலன்ஸ் இருந்தால் ஒவ்வொரு முறையும் பணம் போகும். 'என் பேலன்ஸை யாரோ திருடுகிறார்கள்' என்று வருகிற புகார்களில் சில இந்த வகைதான். ஒரு முறை அணையுங்கள், போனை ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஒரு முறை போடுங்கள், பிறகு கையை எடுத்துவிடுங்கள். பதிவாக 24 மணி நேரம் வரை ஆகலாம் என்று ஆப்பிளே சொல்கிறது. அவ்வளவு நேரம் பிடிப்பது அபூர்வம். எஸ்எம்எஸ் போய்ச் சேர்ந்தால் நான் பார்த்தவரை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனாலும் அந்தக் கெடு முடியும் முன் வேறெதையும் கலைக்காமல் இருப்பது நல்லது.

பெரியப்பாவின் போனில் இன்னொரு முடிச்சும் இருந்தது. அமெரிக்காவில் விற்கப்படும் ஐபோன்களில் 14 முதல் சிம் அட்டை போடும் தட்டே கிடையாது, அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். அதனால் அவர் தம்முடைய பழைய அட்டையைக் கடையில் கொடுத்து இ-சிம்மாக மாற்றியிருந்தார். இந்தியாவில் சிம் மாற்றினால், அட்டைக்கு அட்டையானாலும் இ-சிம் ஆனாலும், அடுத்த 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணில் எஸ்எம்எஸ் நிறுத்தப்படும். நம் எண்ணில் வேறொருவர் சிம் வாங்கி வங்கி ஓடிபியைப் பறித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. பேச்சு வரும், டேட்டா வரும், எஸ்எம்எஸ் மட்டும் போகாது, வராது. முதல் நாள் முழுவதும் அவர் மோடத்தோடு போராடியது இந்த நேரத்தில்தான். இரண்டாம் நாள் எஸ்எம்எஸ் திறந்தது, பேலன்ஸ் இல்லை. புதுப்போன் வாங்கிய அன்றே எல்லாம் நடந்துவிட வேண்டும் என்று நினைப்பதுதான் நம் இயல்பு. சிம் மாற்றிய அன்று ஐமெசேஜைத் தொடாதீர்கள். மறுநாள் யாருக்காவது சாதாரண எஸ்எம்எஸ் ஒன்று அனுப்பிப் பாருங்கள். அது போனால் தொடங்கலாம்.

இரண்டு சிம் வைத்திருப்பவர்கள் செய்கிற பிழை வேறு. டாப்-அப் ஒரு எண்ணுக்குப் போடுவார்கள், போன் இன்னோர் எண்ணைப் பதிவு செய்ய முயன்றுகொண்டிருக்கும். செட்டிங்ஸில் மெசேஜஸ் பகுதிக்குப் போனால் 'சென்ட் அண்ட் ரிசீவ்' என்று ஒரு வரி இருக்கும். ஐஓஎஸ் 18 முதல் இதை 'ஆப்ஸ்' என்ற தலைப்புக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பழைய இடத்தில் தேடிக் காணாமல் திகைக்க வேண்டாம். அந்த வரியைத் திறந்தால் எந்தெந்த எண்ணும் மின்னஞ்சலும் பதிவாகியிருக்கின்றன, எதன் முன் டிக் குறி இருக்கிறது என்று தெரியும். டேட்டாவுக்காக மட்டும் வைத்திருக்கும் இரண்டாவது சிம்மைப் பதிவு செய்யவே தேவையில்லை.

தேதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஜெனரல்' என்பதற்குள் 'டேட் அண்ட் டைம்' இருக்கிறது. அதில் 'செட் ஆட்டோமேட்டிக்கலி' போட்டே இருக்கட்டும். போனும் சர்வரும் பேசத் தொடங்கும் முன் ஒன்றின் டிஜிட்டல் அடையாளச் சான்றிதழை மற்றொன்று சரிபார்க்கும். சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. போனின் நாள்காட்டி தவறினால் நல்ல சான்றிதழும் காலாவதியானதாகத் தெரியும், பேச்சு முறிந்துவிடும். தேதியை யார் மாற்றுவார்கள் என்று கேட்பீர்கள். எங்கள் சித்தி வீட்டில் எட்டு வயதுப் பையன், விளையாட்டில் தீர்ந்துபோன உயிர்களை உடனே வாங்குவதற்காகத் தேதியை இரண்டு நாள் முன்னே தள்ளி வைத்திருந்தான். வீட்டில் யாருக்கும் தெரியாது.

அலுவலகத்திலோ விடுதியிலோ உள்ள வைஃபையில் இதைச் செய்ய முயல்வதும் வீண் வேலையாகலாம். ஆப்பிளின் அறிவிப்புகள் 5223 என்ற போர்ட், அதாவது இணையத் தகவல் வந்துபோகும் வாசல், வழியாக வருகின்றன. அது அடைபட்டால் 443 வழியாக வரும். நிறுவனங்கள் தங்கள் நெட்டுக்குக் காவலாக வைக்கும் ஃபயர்வால்கள் சில இரண்டையும் ஏதோ ஒரு விதத்தில் கெடுத்து வைத்திருக்கும். உலாவி திறக்கிறதே, நெட் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். சந்தேகம் வந்தால் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். விபிஎன் போட்டிருந்தால் அதையும் அணைத்துக்கொள்ளுங்கள்.

ஃபேஸ்டைம் என்ற ஆப்பே போனில் காணவில்லை என்றால் அது ஆக்டிவேஷன் கோளாறு ஆகாது. துபாயிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த போன்கள் நம் ஊரில் ஏராளம். ஐக்கிய அரபு அமீரகத்தில் விற்கப்பட்ட ஐபோன்களில் ஃபேஸ்டைம் இல்லாமலேயே இருக்கலாம். எவ்வளவு டாப்-அப் போட்டாலும் இல்லாதது வராது. சவுதி அரேபியாவில் ஐஓஎஸ் 11.3 முதல் அது கிடைக்கிறது. ஆகவே சவுதிப் பழைய போனுக்கு அப்டேட் செய்வதே போதுமானதாக இருக்கலாம். சீனாவில் வாங்கியதில் வீடியோ அழைப்பு இருக்கும், ஃபேஸ்டைமில் குரல் அழைப்பு மட்டும் இருக்காது. போன் எந்த நாட்டு மாடல் என்று தெரிந்துகொண்டு பிறகு பழுது பாருங்கள். இந்திய மாடலிலேயே ஃபேஸ்டைம் மறைந்திருந்தால் 'ஸ்க்ரீன் டைம்' கட்டுப்பாட்டில் யாராவது அதை நிறுத்தியிருப்பார்கள். பிள்ளைகளுக்காக வைத்த பூட்டு பெற்றோர் காலிலேயே விழும் இடம் இது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு போனை முழுவதுமாக அழிப்பது. "ஒரு தடவை ரீசெட் போட்டால் சரியாகிவிடும் சார்" என்று கடைக்காரர் சொல்வார். பேலன்ஸ் இல்லாத சிம்மில் பேலன்ஸ் இல்லாமையை எந்த ரீசெட்டும் அழிக்காது. படங்களும் தொடர்பு எண்களும் பேக்-அப் எடுத்திருக்கிறதா என்று கேட்காமலே இதைச் செய்துவிட்டு, பழைய ஆப்பிள் கடவுச்சொல் நினைவில்லாமல் போனையே திறக்க முடியாமல் வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பச்சைப் பொத்தானுக்காகப் பேரன் பிறந்த அன்று எடுத்த படத்தை இழக்க வேண்டுமா? வேறு வழியே இல்லை என்றால் 'ரீசெட் நெட்வொர்க் செட்டிங்ஸ்' வரை போகலாம். அதில் சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்கள், விபிஎன் போன்ற நெட்வொர்க் அமைப்புகள் போய்விடும். படங்களுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கும் முன்னால் ஆப்பிளின் 'சிஸ்டம் ஸ்டேட்டஸ்' பக்கத்தைத் திறந்து ஐமெசேஜுக்கும் ஃபேஸ்டைமுக்கும் நேரே பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் பக்கத்திலேயே கோளாறு என்றால் நாம் காத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

பொறுமை இழந்தவர்கள் அடுத்துச் செய்வது, 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று இணையத்தில் தேடி முதலில் கண்ணில் படும் எண்ணுக்கு அழைப்பது. அந்தப் பக்கம் இருப்பவர் மிகவும் அன்பாகப் பேசுவார். திரையைப் பகிரும் ஆப் ஒன்றைப் போடச் சொல்வார், பிறகு ஓடிபி கேட்பார். ஐமெசேஜைத் தொடங்க ஓடிபி எதையும் யாரிடமும் வாயால் சொல்ல வேண்டிய தேவையே கிடையாது. ஏற்கெனவே சொல்லிப் பணம் போயிருந்தால் உடனே இணைய மோசடிப் புகாருக்கான 1930-ஐ அழையுங்கள்.

எஸ்எம்எஸ் வழி எதுவுமே ஒத்துவரவில்லை என்றாலும் மகனோடு பேசலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எண்ணைப் பதிவு செய்வது ஒன்று, மின்னஞ்சலைப் பதிவு செய்வது இன்னொன்று. ஆப்பிள் கணக்கின் மின்னஞ்சலை வைத்தே ஃபேஸ்டைம் பேச முடியும். சிம்மே இல்லாத ஐபேடும் மேக்கும் அப்படித்தான் இயங்குகின்றன. பெரியப்பாவுக்கு முதலில் அதைத்தான் செய்துகொடுத்தேன். மகன் முகம் திரையில் வந்த பிறகே டாப்-அப் போடக் கடைக்குப் போனோம். திரும்பி வந்து ஐமெசேஜை ஒரு முறை போட்டேன். காபி ஆறுவதற்குள் அவருடைய எண்ணுக்கு நேரே டிக் குறி வந்தது.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்று உண்டு. ஐபோனை விட்டு ஆண்ட்ராய்டுக்குப் போகிறவர்கள் செய்வது. ஐமெசேஜை அணைக்காமலேயே சிம்மைக் கழற்றிப் புதுப்போனில் போட்டுவிடுவார்கள். அந்த எண்ணின் பதிவு ஆப்பிளின் சர்வரில் அப்படியே இருக்கும். ஐபோன் வைத்திருக்கும் நண்பர் அனுப்பும் செய்தி ஐமெசேஜுக்குரிய நீலக் குமிழியாகவே கிளம்பிப் பழைய போனைத் தேடிக்கொண்டிருக்கும். 'படித்துவிட்டுப் பதில் சொல்லவில்லையே' என்று வருத்தம் வேறு. பழைய போன் கையில் இருந்தால் சிம்மைத் திரும்ப அதில் போட்டு ஐமெசேஜை அணையுங்கள். போனை விற்றுவிட்டீர்கள் என்றால் ஆப்பிளின் இணையதளத்தில் ஐமெசேஜ் பதிவை நீக்குவதற்கென்றே ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே உங்கள் எண்ணைக் கொடுத்தால் ஆறு இலக்க எண் எஸ்எம்எஸ்ஸில் உங்களுக்கு வரும். அதை அந்தப் பக்கத்தில் நீங்களே இட வேண்டும்.