வேலூர் வெயிலுக்கும் தாங்கும் பட்டர் பாம்: வீட்டிலேயே செய்யும் முறை

இணையத்தில் கிடைக்கும், தோல் வறட்சிக்குப் பூசும் பாடி பட்டர் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. ஷியா பட்டரை (ஆப்பிரிக்க மரம் ஒன்றின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பு) நுரைக்க அடித்து டப்பாவில் போட்டால் வேலை முடிந்தது என்பார்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் வேலூரில், மத்தியானம் அந்த டப்பாவைத் திறந்தால் எண்ணெய்தான் இருக்கும். ஷியா, கொக்கோ, மாம்பட்டர் மூன்றுமே ஏறக்குறைய 35 டிகிரியை ஒட்டி இளகுபவை. ஆகவே நம் ஊருக்குக் கலவையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

இதற்குக் கைகொடுப்பது கோகம் பட்டர். மேற்குத் தொடர்ச்சி மலையில், கொங்கண் பக்கம் விளையும் புளிப்புப் பழத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது. 38 முதல் 42 டிகிரியில்தான் உருகும். பிசுபிசுப்பும் குறைவு. வியர்த்துக் கொட்டுகிற ஊரில் அது பெரிய விஷயம்.

மாம்பட்டர் என்பது மாங்கொட்டைப் பருப்பின் கொழுப்பு. குடியாத்தம் பக்கம்தான் மாந்தோப்பு இருக்கிறதே, நாமே எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். பருப்பில் கொழுப்பு கொஞ்சம்தான், அதைப் பிரித்துச் சுத்தப்படுத்துவது ஆலை வேலை. அதேபோல, கோயில் விளக்குக்கு என்று விற்கிற இலுப்பை எண்ணெயையும் முகத்தில் பூச வேண்டாம். இலுப்பைக் கொழுப்பு தோலுக்கு நல்லதுதான், ஆனால் விளக்குக்கு வரும் எண்ணெயில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

50 கிராம் பாமுக்கு, அதாவது தோலில் பூசும் கெட்டிக் களிம்புக்குத் தேவையானவை: கோகம் பட்டர் 20 கிராம், மாம்பட்டர் 15, நல்லெண்ணெய் 10, தேன்மெழுகு 5. நல்லெண்ணெய் வாசம் பிடிக்காவிட்டால் தேங்காயெண்ணெய் சேர்க்கலாம். ஸ்பூன் கணக்கு இதற்கு ஒத்துவராது, சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும்.

முதலில் பாத்திரம், ஸ்பூன், டப்பா எல்லாவற்றையும் கழுவி ஈரம் துளியும் இல்லாமல் துடைத்துக் காயவையுங்கள். இந்தப் பாமில் தண்ணீர் இல்லாததால்தான் கெடாமல் காக்கும் மருந்து எதுவும் தேவைப்படுவதில்லை. உள்ளே ஈரம் சேர்ந்துவிட்டால் பூஞ்சை பிடிக்கும். கற்றாழைச் சாறு, ரோஸ் வாட்டர், எலுமிச்சை எதுவும் சேர்க்கக் கூடாது.

அடுத்து, ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்கி, அதன்மேல் சின்னக் கிண்ணத்தை வையுங்கள். நேரடித் தீ கூடாது. மெழுகு 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் அதை முதலில் போடுங்கள். அது உருகியதும் கோகம், அப்புறம் மாம்பட்டர், கடைசியில் எண்ணெய்.

எல்லாம் தெளிவானதும் இரண்டு சொட்டு எடுத்து, ஃப்ரீசரில் வைத்த ஸ்பூனில் விட்டு, உறைந்ததும் விரலால் தேய்த்துப் பாருங்கள். கல்லாக இருந்தால் கொஞ்சம் எண்ணெய், தொளதொள என்றிருந்தால் கொஞ்சம் மெழுகு.

இப்போதுதான் பலரும் கோட்டை விடுவது. டப்பாவில் ஊற்றி மேஜைமேல் ஆறவிட்டால், இரண்டு நாளில் ரவை மாதிரி நறநறக்கும். பட்டருக்குள் இருக்கும் கொழுப்புகள் எல்லாம் ஒரே சூட்டில் உறைவதில்லை. மெதுவாக ஆறும்போது சீக்கிரம் உறைகிற வகை தனியாகத் திரண்டுவிடுகிறது. அதனால் ஊற்றியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். நறநறத்துவிட்டாலும் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, மறுபடி முழுசாக உருக்கி வேகமாகக் குளிர வைத்தால் சரியாகிவிடும்.

பூசுவதற்கு முன் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பாருங்கள். குளித்துவிட்டுத் துவட்டிய கையோடு, தோலில் லேசாக ஈரம் இருக்கும்போதே சுண்டைக்காய் அளவு எடுத்து முழங்கை, முழங்கால், குதிகாலில் தேயுங்கள். பட்டர் தோலுக்குத் தண்ணீர் தராது, இருக்கிற ஈரத்தைத்தான் பிடித்து வைக்கும். முகப்பரு வருகிறவர்கள் முகத்தை விட்டுவிடலாம், முக்கியமாகக் கொக்கோ பட்டர் பக்கமே போக வேண்டாம். வெயிலைத் தடுக்கும் என்று நம்பியும் பூசாதீர்கள், சன்ஸ்கிரீன் வேறு, இது வேறு.

மார்கழி, தை மாதத்துக்கு இந்தக் கலவை ரொம்பக் கெட்டி. அப்போது மெழுகு வேண்டாம், ஷியா பட்டர் 30 கிராம், நல்லெண்ணெய் 20 கிராம் போதும். தேங்காயெண்ணெய் 24 டிகிரியிலேயே உறையும், அதனால் பனிக்காலத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.