நான்கு அணிகள் சமநிலையில் நின்றால் இறுதி ஆட்டத்துக்கு யார்?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்) 1996 முதல் எந்த ஆட்டமும் டிராவில் முடிவதில்லை. கூடுதல் நேரம் கொடுத்து முடிவைக் கண்டுவிடுவார்கள். சிக்கல் வருவது புள்ளிப் பட்டியலில்தான். 2024 பிக் 12 கான்ஃபரன்ஸை (கல்லூரி அணிகள் தங்களுக்குள் ஆடும் ஒரு குழு; பெயரில் 12 இருந்தாலும் அணிகள் 16) வைத்து அதைப் பார்ப்போம். தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கான்ஃபரன்ஸுக்கு உள்ளே ஆடிய ஒன்பது ஆட்டங்களை மட்டும் எண்ணுங்கள். அரிசோனா ஸ்டேட், அயோவா ஸ்டேட், பிஒய்யு (பிரிகாம் யங் பல்கலைக்கழகம்), கொலராடோ நான்குக்கும் 7 வெற்றி, 2 தோல்வி. இறுதி ஆட்டத்தில் இடம் இரண்டு அணிகளுக்குத்தான். அதில் வெல்வதே சாம்பியன்.

படி 2: நேருக்கு நேர் மோதியதைப் பாருங்கள். கான்ஃபரன்ஸில் 16 அணிகள் இருப்பதால் எல்லோரும் எல்லோருடனும் ஆட வாய்ப்பில்லை. இந்த நான்கில் அரிசோனா ஸ்டேட்டும் பிஒய்யுவும் மட்டுமே மோதின. எனவே இந்தப் படி கைகொடுக்கவில்லை.

படி 3: நான்கு அணிகளுக்கும் பொதுவான எதிரணிகளை எழுதுங்கள்: கான்சாஸ், கான்சாஸ் ஸ்டேட், யூட்டா, யுசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம்). சுவாரசியமே இங்குதான். சீசன் முழுக்க 12 ஆட்டங்களில் ஐந்தை மட்டுமே வென்ற கான்சாஸ், நவம்பரில் அடுத்தடுத்த வாரங்களில் அயோவா ஸ்டேட், பிஒய்யு, கொலராடோ மூன்றையும் கவிழ்த்தது. அரிசோனா ஸ்டேட் மட்டும் 35–31 என்று தப்பியது. விளைவு: அரிசோனா ஸ்டேட் நான்குக்கு நான்கு, முதலிடம். அயோவா ஸ்டேட்டுக்கும் பிஒய்யுவுக்கும் மூன்று, கொலராடோவுக்கு இரண்டு. நெட் ரன் ரேட்டுக்குப் பழகிய நமக்கு இது விசித்திரமாக இருக்கும்: கொலராடோ கடைசி ஆட்டத்தில் ஓக்லஹோமா ஸ்டேட்டை 52–0 என்று நசுக்கியும் ஒரு பயனும் இல்லை.

படி 4: மிச்சம் அயோவா ஸ்டேட்டும் பிஒய்யுவும். இருவருக்கும் பொதுவான ஆறு எதிரணிகளிடமும் இருவருக்கும் ஒரே முடிவு. ஐந்திடம் வெற்றி, கான்சாஸிடம் தோல்வி. கடைசியில், யார் சந்தித்த எதிரணிகள் கான்ஃபரன்ஸில் அதிகம் வென்றன என்று கூட்டிப் பார்த்தார்கள். அயோவா ஸ்டேட்டின் எதிரணிகளுக்கு 36 வெற்றி, பிஒய்யுவின் எதிரணிகளுக்கு 31. அயோவா ஸ்டேட் உள்ளே, பிஒய்யு வெளியே. அட்டவணையை அணிகளா போட்டன? எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

ஆர்லிங்டனில் நடந்த இறுதி ஆட்டத்தில் அரிசோனா ஸ்டேட் 45–19 என்று வென்றது. சீசனுக்கு முந்தைய ஊடக வாக்கெடுப்பில் அந்த அணிக்குக் கிடைத்திருந்தது பதினாறாவது இடம்.

எஸ்இசி, பிக் டென் போன்ற மற்ற கான்ஃபரன்ஸ்களில் படிகளும் அவற்றின் வரிசையும் சற்று மாறும். அந்தந்த கான்ஃபரன்ஸின் விதிகளைத் தாளின் தலைப்பில் எழுதிக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள்.